ஃபிரேம் போட்ட பூத்தையலில் சுருக்கம், கறை, கோணல்: எதற்கு என்ன செய்வது

பூத்தையல் வளையத்தில் இருக்கிறவரை எல்லாம் அழகாகத்தான் தெரியும். கழற்றி, துவைத்து, ஃபிரேம் போட்டு, சுவரில் மாட்டிய பிறகுதான் ஒவ்வொரு குறையாகக் கண்ணில் படும். பூவைச் சுற்றிச் சுருக்கம் இருக்கும், ஒரு பக்கம் இறங்கிய மாதிரி இருக்கும், வெள்ளைத் துணியில் லேசாக ஒரு ரோஸ் திட்டு இருக்கும். இவற்றில் முக்கால்வாசியை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். அதற்கு ஒன்றுதான் வேண்டும்: வேலையைப் பசை போட்டு ஒட்டியிருக்கக் கூடாது. நூலால் கட்டியதை அவிழ்த்துத் திரும்பக் கட்டலாம். ஒட்டியதை என்ன செய்வது? கடைசிப் பகுதியைத் தவிர, கீழே எழுதியிருக்கும் எல்லா வழிகளும், துணியைத் திரும்ப வெளியே எடுக்க முடியும் என்பதை நம்பித்தான் சொல்லப்பட்டவை.

எதையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு தடவை பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் துணியின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் சுருக்கம், மடிப்பு, அமுங்கிய தையல் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். அப்புறம் துணியை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். பின்பக்கம் ஓடும் நூல், மெலிந்த இடம், எண்ணெய்த் தடம் எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறது

வளையத்தைக் கழற்றாமல் நாள்கணக்கில் வைத்திருந்தால் இது வரும். வெறும் மடிப்பா, அழுக்கா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். தடம் மங்கினால் மடிப்புதான். துணியைக் கவிழ்த்துப் போட்டு, ஈரத்தோடு இஸ்திரி போட்டால் போய்விடும். மங்காமல் சாம்பல் நிறத்தில் நின்றால் அது கை எண்ணெயும் தூசியும் சேர்ந்தது. அதை இஸ்திரி போடவே கூடாது, சூடு பட்டால் எண்ணெய் இன்னும் இறுகிப் பிடிக்கும். மிதமான சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, தேய்க்காமல் அமுக்கி அமுக்கி அலசுங்கள்.

சமையல் முடித்த கையோடு ஊசி எடுக்கிறவர்கள் நம்மில் நிறைய. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருவது, அன்றன்று தையல் முடிந்ததும் வளையத்தைக் கழற்றுவது, உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிவிடுவது ஆகிய மூன்றும் பழகிவிட்டால் இந்தத் தடம் பெரும்பாலும் விழாது. நாடா சுற்றிய வளையம் துணியை நன்றாகப் பிடித்தும் கொள்ளும்.

வரைந்த கோடு போகவில்லை

எந்தப் பேனாவால் வரைந்தீர்கள் என்பதைப் பொறுத்தது இது. தண்ணீரில் அழியும் நீலப் பேனா என்றால் வெறும் குளிர்ந்த தண்ணீர், சோப்பு இல்லாமல். மேலே தெளித்தால் போதாது. மறைந்த மாதிரி தெரிந்து, காய்ந்ததும் மறுபடி தலைகாட்டும், ஏனென்றால் மை துணிக்குள்ளேயேதான் இருக்கிறது. வேலையை முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். இந்த மையை அழிக்கும் முன் இஸ்திரி போட்டுவிட்டால் கோடு பழுப்பாகித் தங்கிவிடும். அதற்கப்புறம் முழுக்கப் போவது அரிது.

சூட்டில் மறையும் பேனா நேர் எதிர். இஸ்திரி பட்டதும் போய்விடும், ஆனால் துணியை விட்டுப் போவதில்லை, நிறம் மட்டும்தான் மறைகிறது. ஃபிரீசர் குளிரில் வைத்தால் கோடு திரும்ப வரும். நம் ஊர் வெயிலில் அந்தப் பயம் இல்லை. ஆனால் அடர்ந்த நிறத் துணியில் வெளிறிய தடம் விட்டுவிடலாம் என்பதால் ஓரத்தில் ஒரு கோடு போட்டுச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.

சாயம் இறங்கிவிட்டது

வெள்ளைத் துணி, சிவப்புப் பூ. அலசிக் கொடியில் போட்டுவிட்டு வந்து பார்த்தால் பூவைச் சுற்றி ரோஸ் நிறம். இந்த நேரத்தில் பதற்றத்தில் செய்கிற காரியம்தான் வேலையைக் கெடுக்கிறது.

துணி இன்னும் ஈரமாக இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். காயவிடாதீர்கள், இஸ்திரிப் பெட்டிப் பக்கமே கொண்டு போகாதீர்கள். பெரிய வாளியில் நிறையக் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியை மடிக்காமல் விரித்து மிதக்க விடுங்கள். சின்னப் பாத்திரம் உதவாது. இறங்கிய சாயம் கொஞ்சத் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் மறுபடி துணியில்தான் ஏறும். தண்ணீர் நிறம் மாறும்போதெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். நான் ஒருமுறை ஒரு செம்பருத்திக்காக ஒரு ராத்திரி முழுக்க இதைச் செய்தேன். காலையில் ஏழாவது வாளியில்தான் தண்ணீர் தெளிந்தது, துணியும் வெளுத்தது. தெளிந்த பிறகு வெள்ளைத் துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்குங்கள். துண்டில் நிறம் ஒட்டினால் இன்னும் முடியவில்லை, திரும்ப வாளிக்கே. ஒட்டவில்லை என்றால் கொடியில் தொங்கவிடாமல் மட்டமாக, மின்விசிறிக்கு அடியில் காயவையுங்கள். தொங்கவிட்டால் மிச்சச் சாயம் கீழ்நோக்கி வழியும்.

கல்லுப்புத் தண்ணீரில் நனைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, சாயத்தை நூலுக்குள் ஏற்ற அது உதவும். ஏற்கெனவே சாயம் போட்டு முடிந்த நூலில் தளர்வாக இருக்கும் சாயத்தை அது பூட்டி வைக்காது. வினிகரும் பருத்தி நூலில் அதைச் செய்யாது. ஆகவே அந்த நம்பிக்கையில் நேரத்தைக் கழிக்காமல் தண்ணீரை மாற்றுங்கள்.

சாயம் இறங்கிய துணி காய்ந்து, இஸ்திரியும் போட்டாகிவிட்டதா? ஊறவைத்துப் பார்க்கலாம், கொஞ்சம் மங்கும், முழுக்கப் போகும் என்று நம்பிக்கை தரமாட்டேன். குளோரின் பிளீச் மட்டும் வேண்டாம், அது கறையோடு பூவையும் எடுத்துவிடும்.

அடுத்த முறைக்கு: சிவப்பு, கறுப்பு, அடர்நீலம், மெரூன் நூல்களில் ஒரு விரல் நீளம் வெட்டி, நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். கறை விட்டால் அந்த நூலை வெள்ளைத் துணியில் ஏற்றாதீர்கள்.

தையலைச் சுற்றிச் சுருக்கம்

துணியை வளையத்தில் தளர்வாக மாட்டியிருப்பீர்கள், அல்லது நூலை இழுத்து இறுக்கியிருப்பீர்கள், அல்லது துவைக்காத புதுத் துணியில் தைத்து, பிறகு துவைத்ததும் துணி மட்டும் சுருங்கியிருக்கும். எதுவானாலும் முதல் சிகிச்சை ஒன்றுதான். துணியை நனைத்து, ஈரத்தோடு ஒரு தெர்மாகோல் பலகையில் விரித்து, துருப்பிடிக்காத ஊசிகளால் ஓரம் முழுக்கக் குத்தி, இறுக்கமாகக் காயவிடுங்கள். சாதாரணக் குண்டூசியை ஈரத்துணியில் ராத்திரி முழுக்க விட்டால் காலையில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி இருக்கும், கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

காய்ந்த பிறகும் ஓர் இதழைச் சுற்றி மட்டும் சுருக்கம் நின்றால் அந்த இதழின் நூல் இறுக்கம். அதைப் பிரித்துத் திரும்பப் போடுவதைவிட வேறு வழி கிடையாது. பரவலாக, மெலிதாக இருந்தால் ஃபிரேம் போடும்போது துணிக்கு அடியில் ஓர் அடுக்கு வெள்ளை ஃபிளானல் வையுங்கள். பின்பக்க முடிச்சுகளின் மேடுபள்ளத்தையும் அது விழுங்கிக்கொள்ளும்.

இஸ்திரி எப்போதும் கெட்டியான துண்டின்மேல், தையல் கீழ்நோக்கி இருக்கும்படி. மேலிருந்து அழுத்தினால் பிரெஞ்சு முடிச்சு தோசையாகிவிடும். கஞ்சி போட்டு விறைப்பாக்கலாமே என்று தோன்றும். ஃபிரேமுக்குள் போகிற வேலைக்குக் கஞ்சி வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு அது சாப்பாடு.

ஃபிரேமில் படம் கோணலாக இருக்கிறது

ஃபிரேமைச் சாய்த்து மாட்டிவிட்டோமோ என்று முதலில் ஆணியைத்தான் பார்ப்போம். பெரும்பாலும் கோளாறு உள்ளே, பாவும் ஊடையும், அதாவது துணியின் நெடுக்கு இழையும் குறுக்கு இழையும், அட்டையின் ஓரத்துக்கு நேராக ஓடவில்லை. நீலகிரியில் தோடர் பெண்கள் போடும் பூத்தையலில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே போடுகிற வேலை. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டைகள் இழையோடு இழையாக ஓடுகின்றன. ஊட்டியில் வாங்கிய சின்னத் துண்டை ஃபிரேம் போடும்போது ஒரு மூலையைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் போதும், பட்டை முழுக்க வளைந்து நிற்கும்.

சரிசெய்வதற்கு ஃபிரேமைத் திறந்து, துணியை அட்டையிலிருந்து எடுத்து, திரும்பக் கட்ட வேண்டும். கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், வீட்டு ஃபிரேம் வேலையின் உயிரே இந்தக் கட்டுதான்.

10 செ.மீ. சதுர வேலைக்கு நான்கு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. துணி கூடுதலாக வேண்டும், ஆக 20 செ.மீ. சதுரம். தைக்க ஆரம்பிக்கும்போதே இதை விட்டுவிடுங்கள். 5 மி.மீ. தடிமன் ஃபோம் போர்டை ஃபிரேமின் உள்ளளவைவிட ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. குறைவாக வெட்டுங்கள். மடிந்து வரும் துணிக்கு அந்த இடம் வேண்டும்.

துணியின் நான்கு பக்க நடுவையும், அட்டையின் நான்கு பக்க நடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். துணி நடுவை அட்டை நடுவோடு சேர்த்து, அட்டையின் தடிமனுக்குள் ஒரு குண்டூசி குத்துங்கள். எதிர்ப்பக்க நடுவில் அடுத்தது. பிறகு மற்ற இரண்டு பக்கமும். இப்போது நான்கே ஊசியில் துணி நிற்கும். இங்கே நிறுத்தி, அட்டையின் மேல் ஓரத்தில் ஒரே ஒரு ஊடை இழையைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த இழை ஓரத்தை விட்டு உள்ளே வராமலும் வெளியே ஓடாமலும் பார்த்து, நடுவிலிருந்து மூலையை நோக்கி ஒரு செ.மீ.க்கு ஓர் ஊசியாகக் குத்திக்கொண்டு போங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு குத்தினால் எதிர்ப்பக்கத்திலும் இரண்டு. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் துணி அந்தப் பக்கமே நகர்ந்துவிடும். முடித்ததும் ஃபிரேமை மேலே வைத்துப் பாருங்கள். கோணல் தெரிந்தால் ஊசியைப் பிடுங்கித் திரும்பக் குத்துவதற்குக் காசா பணமா.

நேராக இருக்கிறது என்று மனம் ஒப்பிய பிறகு பின்பக்கம் திருப்புங்கள். கெட்டியான பருத்தி நூல், குரோஷா நூலே போதும். நைலான் நூல் துணியை அறுக்கும். நூலைக் கண்டிலிருந்து வெட்டாமல் ஊசியில் கோத்து, நடுவில் ஆரம்பித்து, இடப்பக்க மடிப்பிலிருந்து வலப்பக்க மடிப்புக்கும் அங்கிருந்து திரும்ப இடப்பக்கத்துக்கும், ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி போய்வாருங்கள். கடைசிவரை போன பிறகு ஒவ்வொரு இழையாகக் கொக்கியிட்டு இழுத்து இறுக்கி, முடிச்சுப் போடுங்கள். தட்டினால் உடுக்கை மாதிரி விம்ம வேண்டாம். விரலால் அமுக்கினால் உடனே திரும்ப எழ வேண்டும், அவ்வளவு போதும். மூலைகளைச் சாய்வாக மடித்து, மேல்-கீழ் திசையிலும் இதே கட்டு. அப்புறம் எல்லாக் குண்டூசிகளையும் எடுத்துவிடுங்கள். இரட்டைப்பக்க டேப்பில் இந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடியும், தெரியும். அந்த டேப்பின் பசை சில வருடத்தில் பழுப்பாகி முன்பக்கம் வரை ஊறி வரும், அல்லது பிடி விட்டுத் துணி தொய்யும்.

தோடர் வேலையில் இன்னொன்று: அதன் பின்பக்கமும் முன்பக்கத்தைப் போலவே நேர்த்தியாக இருக்கும். பின்னால் எதையும் ஒட்டி மூடிவிடாதீர்கள்.

துணிக்கு அடியில் நூல் நிழலாகத் தெரிகிறது

கறுப்பு நூலை ஒரு பூவிலிருந்து தூரத்துப் பூவுக்குப் பின்பக்கமாகவே இழுத்துப் போயிருப்பீர்கள். அந்த ஓட்டத்தை வெட்டி, இரண்டு முனையையும் அருகிலிருக்கும் தையலுக்கு அடியில் செருகிவிடுங்கள். வெட்டிய முனை கால் அங்குலமாவது இருந்தால்தான் செருக முடியும். குட்டையாக இருந்தால் வெட்டாமல் விட்டு, அட்டைக்கும் துணிக்கும் நடுவே அதே நிறத் துணி ஒன்று வையுங்கள். மெல்லிய மல் துணிக்கு எப்படியும் அடித்துணி வேண்டும், இல்லையென்றால் அட்டையின் நிறமே தெரியும்.

ஆரி வேலை வரிசையாகப் பிரிகிறது

ஆரி ஊசியில் போடுவது சங்கிலித் தையல். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி. கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் வெட்டினால், நூல் முனையை இழுத்த இழுப்பில் வரிசையே கழன்று வரும், மணி கோத்திருந்தால் மணியும் கொட்டும். பிரிய ஆரம்பித்த இடத்தில் ஒரு மெல்லிய ஊசியைக் கண்ணிக்குள் செருகி நிறுத்துங்கள். பிறகு சாதாரண ஊசி நூலால் அந்தக் கண்ணியின் தலையைத் துணியோடு பிடித்து ஒரு சின்னத் தையல் போட்டு, பின்பக்கம் முடிச்சிடுங்கள். நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் போதும் என்று சிலர் செய்வார்கள். அது மஞ்சளாகும், விறைக்கும். எனக்கு உடன்பாடில்லை.

கண்ணாடிக்குள் முடிச்சுகள் அமுங்கியிருக்கின்றன, அல்லது புள்ளி புள்ளியாகப் பூஞ்சை

இரண்டுக்கும் ஒரே காரணம், கண்ணாடி துணியைத் தொடுகிறது. மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும். ஒட்டியிருக்கும் துணி அந்த ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாட்டிய வேலையைத் தையில் திறந்து பார்த்தால் தெரியும்.

பூஞ்சை பிடித்ததை ஈரத்தோடு தேய்க்காதீர்கள், பரவும். காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவிட்டு, வீட்டுக்கு வெளியே போய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அப்புறம் துவைக்கலாம். அமுங்கிய முடிச்சுக்கு இஸ்திரிப் பெட்டியின் ஆவியை ஓர் அங்குல உயரத்திலிருந்து காட்டி, ஊசி நுனியால் மெதுவாகத் தூக்கிவிட்டால் ஓரளவு எழும்.

திரும்ப ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் துணிக்கும் இடைவெளி வேண்டும். நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் போர்டு ஓர் அடுக்கு தட்டையான தையலுக்குப் போதும். முடிச்சு, மணி, கண்ணாடி வேலை இருந்தால் அதே போர்டில் மெல்லிய கீற்றுகள் வெட்டி, ஃபிரேமின் பள்ளத்துக்குள் மறையும்படி இரண்டு மூன்று அடுக்கு வையுங்கள். அமிலம் இல்லாத அட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரணப் பழுப்பு அட்டையின் அமிலம் வருடங்கள் போகப்போகத் துணியைப் பழுப்பாக்கும். துணி தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் வைத்த ஃபிளானலில் ஈரம் தங்கியிருக்கும், முழு ஒருநாள் விட்டுத்தான் மூட வேண்டும். மாட்டும்போது ஃபிரேமின் கீழ் மூலைகளில், பின்பக்கம், சின்ன ஃபெல்ட் பொட்டுகள் ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று ஓடும். பசை ஒட்ட நான் சம்மதிக்கும் ஒரே இடம் இந்த மரம்தான்.

வளையத்திலேயே மாட்டியது தொய்கிறது

மலிவு மூங்கில் வளையங்கள் முழுவட்டமாக இருக்காது. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் துணி நழுவும். நாடா சுற்றினால் பாதி சரியாகும். மீதி, பின்பக்கத்தை முடிப்பதில் இருக்கிறது: வளையத்தைத் தாண்டி 3 செ.மீ. விட்டு வட்டமாக வெட்டி, ஓரம் முழுக்க ஓட்டுத்தையல் போட்டு, சுருக்குப்பை மாதிரி இழுத்து முடிச்சிடுங்கள். அதன்மேல் வளையத்தின் அளவுக்கு வெட்டிய ஃபெல்ட் துணியை வைத்து, சுருக்கின் ஓரத்தோடு சேர்த்துச் சுற்றித் தைத்தால் முடிச்சும் மறையும், தூசியும் போகாது.

ஜரிகை கறுத்துவிட்டது, நிறம் வெளுத்துவிட்டது

இரண்டையும் திரும்பக் கொண்டுவர முடியாது, தடுக்கத்தான் முடியும். வெள்ளி ஜரிகை கந்தகம் பட்டால் கறுக்கும். ரப்பர், ரப்பர் பசை எதுவும் அதன் அருகில் வேண்டாம். பற்பசையால் தேய்த்தால் மேல்பூச்சே போய்விடும். நிறம் வெளுக்காமல் இருக்க, மேற்கு வெயில் விழும் சுவரிலிருந்து எடுத்து உள்சுவரில் மாட்டுங்கள்.

பழைய வேலை, பசை போட்டு ஒட்டியது

கடைசிக்கு வைத்தது இதுதான், ஏனென்றால் எனக்கே இது நடந்தது. அம்மா பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் போட்ட ஒரு சின்னக் கிளி. யாரோ காடாத்துணியை வெள்ளைப் பசையால் அட்டையில் முழுக்க ஒட்டியிருந்தார்கள். அட்டை பழுப்பாகி, கிளியின் வயிற்றுப் பக்கம் திட்டு வந்திருந்தது.

இப்படிப்பட்டதைத் துணியைப் பிடித்து இழுத்துப் பிரிக்கவே கூடாது. கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து அட்டையைத்தான் உரிக்க வேண்டும். அட்டை பல தாள்கள் சேர்ந்தது. நகத்தாலும் மழுங்கிய கத்தியாலும் ஒவ்வொரு அடுக்காகச் சுருட்டி எடுத்தால் கடைசியில் துணியோடு ஒரு மெல்லிய தாள் மட்டும் நிற்கும். நூலின் சாயம் நிற்கிறதா என்று ஒரு மூலையில் நனைத்த பஞ்சு வைத்துப் பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியை அந்தத் தாள்மேல் பத்து நிமிடம் போடுங்கள். தாள் குழைந்து வரும். அதற்குக் கீழே இருக்கும் பசை வெள்ளையாக உப்பும், ஆனால் கரையாது. வருகிற வரை வழித்துவிட்டு, வராத இடத்தில் விட்டுவிடுங்கள்.

எனக்கு ஓரம் முழுக்க வந்தது, கிளிக்கு நேர் பின்னால் வரவில்லை. அங்கே தையலின் அடிநூலோடு பசை இறுகியிருந்தது. இன்னும் ஒரு தடவை நனைத்தால் நூல் அறுந்துவிடும் என்று தோன்றியதும் நிறுத்திவிட்டேன். ஓரத் துணி ஒரு விரல்கூட இல்லாததால், நான்கு பக்கமும் புதுக் காடாப் பட்டை இணைத்துத் தைத்து, அந்தப் பட்டையைத்தான் புது அட்டையில் கட்டினேன். கிளியின் வயிற்றில் திட்டு இன்னும் இருக்கிறது. அட்டையின் பின்னால் பென்சிலால் அம்மாவின் பெயரையும், எந்த இடத்தில் பசை மிச்சம் இருக்கிறது என்பதையும் எழுதிவைக்காமல் விடவில்லை. அடுத்துத் திறப்பவருக்கு எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிய வேண்டும்.